மீண்டும் தொற்றிவிடுமோ? கடும் கோவிட் நோயிலிருந்து பிழைத்தவர்களை விடாத அச்சம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி மாதங்கள் பல ஆகியிருக்கும். நெஞ்சுப் படம் தெளிவாக இருப்பதாக மருத்துவரும் சொல்லியிருப்பார். வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பார். ஆனாலும் பேருந்தில் பின்னால் இருப்பவர் ஒருமுறை இருமினால் போதும். உடல் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடத் தோன்றும். கோயில் திருவிழா, கல்யாண விருந்து, கருமக்கிரியை என எதற்கும் போகமாட்டார். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, விரலில் ஆக்சிஜன் அளவுக் கருவியை மாட்டிப் பார்ப்பார். "இன்னொரு தடவை வந்தா நான் தாங்கமாட்டேன்" என்பார்.

வீட்டில் உள்ளவர்கள் தொடக்கத்தில் அனுசரித்துப் போவார்கள். நாளாக ஆக, "அதான் சரியாப் போச்சே, இன்னும் என்ன பயம்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பயத்தை வெளியே சொல்வதை நிறுத்திவிடுவார். பயம் மட்டும் நிற்காது.

கோவிட்-19 நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு உயிர் பிழைத்தவர்களிடம் இந்த மறுதொற்று அச்சம் பரவலாகக் காணப்படுகிறது. இது கோழைத்தனம் அல்ல. வெறும் கற்பனையும் அல்ல. இதற்குக் காரணங்கள் உண்டு. குறைக்க வழிகளும் உண்டு.

யாருக்கு இந்த அச்சம் அதிகம்?

மலேசியாவில் முதல் கோவிட்-19 சம்பவங்கள் 2020 ஜனவரி 25ஆம் தேதி உறுதிப்படுத்தப்பட்டன. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. டெல்டா வகைக் கிருமி பரவிய 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதிதான் நாட்டின் மருத்துவமனைகளுக்கு மிகக் கடினமான காலம். அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவானது. பெருந்தொற்றுக் காலம் முழுவதும் சேர்த்து 37,000க்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் உயிரிழந்தனர்.

சுகாதார அமைச்சு நோயாளிகளை ஐந்து பிரிவுகளாகப் பிரித்தது. அறிகுறி இல்லாதவர்கள் முதல் பிரிவு. அறிகுறி உண்டு, ஆனால் நுரையீரல் அழற்சி இல்லை என்றால் இரண்டாம் பிரிவு. நுரையீரல் அழற்சி உள்ளவர்கள் மூன்றாம் பிரிவு. ஆக்சிஜன் உதவி தேவைப்பட்டவர்கள் நான்காம் பிரிவு. சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சையும் தேவைப்பட்டவர்கள் ஐந்தாம் பிரிவு. நான்காம், ஐந்தாம் பிரிவுகளைக் கடந்து வந்தவர்களிடம்தான் மறுதொற்று அச்சம் ஆழமாக வேரூன்றுகிறது. நோய் இலேசாக வந்து போனவர்களிடமும் இது வரலாம். குறிப்பாக, அதே நேரத்தில் குடும்பத்தில் ஒருவரை இழந்திருந்தால் வரலாம்.

மூச்சு மறந்துவிடாத அனுபவம்

காய்ச்சல் வந்துபோன நினைவு மங்கிவிடும். மூச்சு கிடைக்காமல் தவித்த நினைவு அப்படி மங்குவதில்லை. மூச்சுத்திணறல் மனித உடலுக்குத் தெரிந்த ஆகப் பெரிய ஆபத்து அறிகுறிகளில் ஒன்று. அதை ஒருமுறை அனுபவித்த மூளை, அதோடு சேர்ந்து வந்த எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்கிறது. கிருமிநாசினி வாடை, ஆம்புலன்ஸ் ஒலி, கருவிகளின் பீப் ஒலி, யாரோ இருமும் சத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மறுபடி எதிர்ப்பட்டால், நோய் இல்லாதபோதும் உடல் அபாய மணியை அடித்துவிடுகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. கடும் நோய், ஆக்சிஜன் குறைவு, மயக்க மருந்து ஆகியவை சேரும்போது மனக் குழப்ப நிலை ஏற்படும். சிலர் இல்லாத உருவங்களைக் கண்டிருப்பார்கள். தம்மைக் கட்டிப்போட்டார்கள், கொல்ல வந்தார்கள் என்று நம்பியிருப்பார்கள். வீடு திரும்பிய பிறகு, எது நடந்தது, எது கனவு என்று பிரிக்க முடியாமல் தவிப்பார்கள். "பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்று அஞ்சி வீட்டில் சொல்வதும் இல்லை. தீவிர சிகிச்சை பெற்றவர்களிடம் இது அடிக்கடி காணப்படும் ஒன்று; மனநோய் பிடித்துவிட்டதற்கு அடையாளம் அல்ல.

கோவிட் காலத்துக்கே உரிய தனிமையும் சேர்ந்தது. உறவினர் அருகில் வர முடியவில்லை. பாதுகாப்பு உடை அணிந்த மருத்துவர், தாதியரின் முகமும் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் காலையில் இல்லை. சிலர் தாம் பிழைத்து, தம்மோடு நோய் கண்ட மனைவியையோ தகப்பனாரையோ இழந்தார்கள். "என்னாலதான் அவங்களுக்கு வந்துச்சு" என்ற குற்றவுணர்வு, மறுபடி தொற்றினால் மறுபடி ஒருவரை இழப்போம் என்ற பயமாக மாறுகிறது.

சிகிச்சைக்குப் பயன்பட்ட மருந்துக்கும் ஓரளவு பங்கு உண்டு. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்தது என்பதை பிரிட்டனின் ரிகவரி ஆய்வு 2020 ஜூனில் அறிவித்தது. உயிர் காத்த மருந்துதான். ஆனால் ஸ்டீராய்டுகள் தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையை அலைக்கழிக்கும், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். மருந்து நின்ற பிறகு இவை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனாலும் அந்த நாள்களின் தூக்கமின்மையும் படபடப்பும் பயம் வளர இடம் கொடுத்துவிடலாம்.

ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கோவிட் கண்ட 236,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. ஆறு மாதங்களுக்குள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நரம்பு அல்லது மனநலம் சார்ந்த ஏதேனும் ஒரு பாதிப்பு பதிவாகியிருந்தது. பதற்றக் கோளாறு மட்டும் சுமார் 17 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. முன்பே அத்தகைய பாதிப்பு இருந்தவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடையே விகிதம் இன்னும் கூடுதல். 2003இல் சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களிடமும் ஆண்டுகள் கழித்து இதே போன்ற மனநலப் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன.

மறுதொற்று உண்மையிலேயே வருமா?

வரும். இதை மறைத்துப் பயத்தைத் தணிக்க முடியாது. ஒருமுறை தொற்றினால் மறுபடி தொற்றாது என்ற நம்பிக்கை 2020 ஆகஸ்டிலேயே தகர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் தொற்று கண்ட ஹாங்காங் ஆடவர் ஒருவருக்கு, ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது வேறு வகைக் கிருமி தொற்றியிருந்தது மரபணுச் சோதனையில் உறுதியானது. முதல்முறை காய்ச்சல், இருமல் கண்ட அவருக்கு இரண்டாம் முறை அறிகுறியே இல்லை. 2021 இறுதியில் ஓமிக்ரோன் வகை வந்த பிறகு மறுதொற்று சாதாரணமாகிவிட்டது.

ஆனால் சோதனை முடிவு மறுபடி 'பாசிட்டிவ்' என்று வந்தாலே மறுதொற்று என்று பொருளல்ல. 2020 ஏப்ரலில் தென்கொரியாவில், குணமான 200க்கும் மேற்பட்டோருக்கு மறுபடி பாசிட்டிவ் முடிவு வந்து உலகமே பதறியது. பின்னர் ஆராய்ந்தபோது, உடலில் எஞ்சியிருந்த செத்த கிருமியின் துணுக்குகளையே சோதனை காட்டியது என்று தெரிந்தது. பிசிஆர் சோதனை, நோய் நீங்கிய பின்னும் வாரக்கணக்கில் இப்படிக் காட்டலாம். அதனால்தான் நோய் கண்டு மூன்று மாதத்துக்குள், அறிகுறி எதுவும் இல்லாமல், மனத்திருப்திக்காகத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொள்வது பயன் தருவதில்லை. பயத்தைத்தான் கூட்டும்.

அடுத்த முறை இதைவிட மோசமாகுமா?

பிழைத்தவர்களின் மனத்தில் இருக்கும் உண்மையான கேள்வி இதுதான். இதற்கான பதில் பெரும்பாலோருக்கு ஆறுதலானது.

கட்டார் நாட்டில் 1,300க்கும் சற்றுக் கூடுதலான மறுதொற்றுச் சம்பவங்களை ஆராய்ந்து 2021 இறுதியில் வெளியான ஆய்வில், நான்கு பேருக்கு மட்டுமே நோய் கடுமையானது. தீவிர சிகிச்சை தேவைப்பட்டவர் எவரும் இல்லை, மரணமும் இல்லை. 19 நாடுகளின் 65 ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் மருத்துவ இதழ் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இதன் இரு பக்கங்களையும் காட்டியது. முன்பு தொற்றியவருக்கு ஓமிக்ரோன் மறுபடி தொற்றாமல் தடுக்கும் ஆற்றல் பத்து மாதத்தில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு நோய் முற்றாமல் தடுக்கும் ஆற்றல் அதே பத்து மாதத்தில் 88 விழுக்காட்டளவில் நீடிக்கிறது.

காரணம் எளிது. 2020, 2021இல் தாக்கியது உடல் அதுவரை கண்டிராத கிருமி. இப்போது உடலில் அந்தக் கிருமியை அறிந்த அணுக்கள் இருக்கின்றன. தொற்றை வாசலிலேயே தடுக்க அவற்றால் முடியாமல் போகலாம். ஆனால் நுரையீரல் வரை பரவ விடாமல் போரிட முடியும். தடுப்பூசியும் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு மேலும் வலுவாகும். மலேசியாவில் தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முன்னும் அதன் தொடக்க மாதங்களிலும் கடுமையாக நோயுற்ற பலருக்குத் தடுப்பூசி கிடைத்திருக்கவில்லை. கிருமியை எதிர்க்கும் பேக்ஸ்லோவிட் மாத்திரை இந்நாட்டில் 2022இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இனி ஒருமுறை வந்தாலும் அது அதே பழைய சண்டையாக இருக்கப்போவதில்லை.

அதே வேளையில், மறுதொற்று ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்கப் படைவீரர் நலத் துறையின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2022 நவம்பரில் வெளியான ஆய்வு, மறுபடி தொற்றியவர்களுக்கு, தொற்றாதவர்களைவிட உடல்நலக் கேடுகள் கூடுதல் என்று காட்டியது. அதில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே தொற்றைத் தவிர்க்க முயல்வது அறிவுடைமை. அதற்காக வாழ்வையே நிறுத்திவைப்பது தேவையற்றது.

பயம் தானே ஆபத்தை வரவழைக்கும் இடம்

நம் சமூகத்தில் இந்த அச்சம் கொண்டுவரும் பெரிய தீங்கு வேறொன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் ஆக அதிகம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், சிறுநீரக நோய் ஆகியவை கோவிட் நோயை முற்றச் செய்பவை. முதல்முறை நோய் கடுமையானதற்கு இவற்றில் ஒன்று காரணமாக இருந்திருக்கலாம்.

அப்படிப்பட்டவர் அச்சத்தால் என்ன செய்கிறார்? கிளினிக்கில் கூட்டம் இருக்கும், இருமுபவர்கள் இருப்பார்கள் என்று சர்க்கரைச் சோதனைக்கான தவணையைத் தள்ளிப்போடுகிறார். மருந்து தீர்ந்தாலும் வாங்கப் போவதில்லை. நடைப்பயிற்சி நின்றுவிடுகிறது, வெளியே போக வேண்டுமே! தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். அடுத்த தொற்று வரும்போது உடலைப் பலவீனமாக வைத்திருப்பது எதுவோ, அதையே பயம் செய்துகொண்டிருக்கிறது. மறுதொற்றுக்கு அஞ்சுபவர் முதலில் விடாமல் போக வேண்டிய இடம் கிளினிக்தான். முகக் கவசம் அணிந்து, கொடுக்கப்பட்ட நேரத்துக்குப் போய், வெளியே காற்றோட்டமான இடத்தில் காத்திருந்து பார்த்து வரலாம்.

எச்சரிக்கை எது, நோய் எது?

நெரிசலான இடத்தில் முகக் கவசம் அணிவதும், சாப்பிடும் முன் கை கழுவுவதும், காய்ச்சல் உள்ளவரிடமிருந்து தள்ளி இருப்பதும் எச்சரிக்கை. கீழ்க்காண்பவற்றில் சில, இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தொடர்ந்தால் அது உதவி தேவைப்படும் நிலை:

• வேலை, கோயில், கடை, பிள்ளையின் பள்ளி என்று ஒவ்வோர் இடமாகத் தவிர்த்து, வீட்டுக்குள்ளேயே முடங்குவது.

• ஆக்சிஜன் அளவையும் காய்ச்சலையும் ஒரு நாளில் பலமுறை பார்ப்பது. பார்த்த சிறிது நேரத்திலேயே மறுபடி சந்தேகம் வருவது.

• தூங்க முடியாமை, மருத்துவமனைக் காட்சிகள் கனவில் வருவது, தூக்கத்தில் மூச்சடைப்பதுபோல் திடுக்கிட்டு எழுவது.

• மருத்துவமனை இருக்கும் சாலை வழியாகப் போகவே மறுப்பது.

• பேரப்பிள்ளைகளை அருகில் விடாமல் இருப்பது, வீட்டாரைத் திரும்பத் திரும்பக் குளிக்கச் சொல்வது, அதனால் வீட்டில் சண்டை வருவது.

• எதிலும் பிடிப்பின்மை, அழுகை, "நான் அப்பவே போயிருக்கலாம்" என்ற பேச்சு.

கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி நாட வேண்டும்.

ஆண்களிடம் இந்த அச்சம் சில வேளை பயமாகத் தெரியாது. எரிச்சலாக, கோபமாக, குடியாக வெளிப்படும். "முன்ன இப்படி இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து இப்படி" என்று வீட்டார் சொல்வது கவனிக்க வேண்டிய குறிப்பு.

மூச்சு திணறினால்: நுரையீரலா, பதற்றமா?

பதற்றத் தாக்குதல் திடீரென வரும். சில நிமிடங்களிலேயே உச்சத்தைத் தொடும். நெஞ்சு படபடக்கும், கை விரலும் உதடும் மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்று தோன்றும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கும். ஆக்சிஜன் அளவு இயல்பாகவே இருக்கும்.

நுரையீரல் பாதிப்பால் வரும் திணறல் பொதுவாக மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். காய்ச்சல், இருமல் கூடவே இருக்கும். கழிவறைவரை நடந்தாலும் மூச்சு வாங்கும். பேசும்போது வாக்கியம் பாதியில் நிற்கும்.

ஆனால் இந்த வேறுபாட்டை வைத்து வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாத சில நேரங்கள் உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி, உதடு நீலமாவது, மயக்கம், குழப்பமான பேச்சு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்து அதோடு மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் 999 எண்ணை அழைக்க வேண்டும். கடும் கோவிட்டுக்குப் பின் இரத்தம் உறையும் ஆபத்தும் மாரடைப்பும் பதற்றத்தைப் போலவே தோற்றமளிக்கலாம். முதல்முறை வரும் திணறலை மருத்துவர் பார்த்துவிடுவதே நல்லது. இதயமும் நுரையீரலும் சரியாக உள்ளன என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், அடுத்த முறை மனத்துக்குப் பிடிப்பு கிடைக்கும்.

ஆக்சிஜன் அளவுக் கருவி வைத்திருப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக 95 விழுக்காடும் அதற்கு மேலும் இயல்பு. விரல் குளிர்ந்திருந்தாலும், நகச்சாயமோ மருதாணியோ இருந்தாலும் அளவு தவறலாம். கருத்த சருமம் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்துள்ளது. எனவே எண்ணை மட்டும் நம்பாமல், உடல் சொல்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நலமாக இருக்கும் நாளில், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தபின் அளந்து, தம்முடைய வழக்கமான அளவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பிறகு உடல்நலமில்லாத நாளில் மட்டும் பார்த்தால் போதும்.

அச்சத்தைக் குறைக்கும் வழிகள்

திட்டத்தை எழுதி வைத்தல். பயத்தின் பெரும்பகுதி "வந்தால் என்ன செய்வேன்?" என்பதுதான். அதற்கான பதிலை ஒரே தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கலாம். அறிகுறி தெரிந்தால் அன்றே ஆர்டிகே சோதனை, எந்தக் கிளினிக், யார் வண்டி ஓட்டுவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரவில் வண்டி தேடி அலைய முடியாது.

காலம் தாழ்த்தாமை. பேக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். இது எல்லாருக்கும் உரியது அல்ல. சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளோடு சேரக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். அதனால்தான் மருந்துப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளுவதற்கு இது இடம் தராது.

தடுப்பூசி. கடுமையாக நோயுற்றவர்களும் ஊக்கத் தடுப்பூசி தமக்குத் தேவையா என்று கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வயதானவர்கள் ஆண்டுதோறும் போடும் ஃபுளு தடுப்பூசி பற்றியும் கேட்கலாம். அதனால் ஒவ்வொரு காய்ச்சலும் கோவிட்டோ என்ற பதற்றமும் ஓரளவு குறையும்.

காற்றோட்டம். கிருமி அதிகம் பரவுவது மூடிய அறையின் காற்றில். காய்கறியை சவர்க்காரம் போட்டுக் கழுவுவதைவிடச் சன்னலைத் திறந்து வைப்பது பயன் தரும். தோட்ட லயன் வீடு, அடுக்குமாடி வீடு எதுவானாலும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்புறம் பார்த்து வைத்தால் காற்று மாறும்.

படிப்படியாக வெளியே போதல். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். முதல் வாரம் காலையில் ஆளில்லாத நேரத்தில் நடை. அடுத்து, கூட்டம் குறைந்த நேரத்தில் கடை. பிறகு, முகக் கவசத்தோடு கோயில். பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் போகலாம். கடைசியில் கல்யாண வீடு. அங்கும் வாசல் பக்கமாக அமர்ந்து சிறிது நேரம் இருந்துவிட்டு வரலாம். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும்வரை அங்கேயே இருந்து பார்ப்பதுதான் பயிற்சி. பாதியில் ஓடிவந்தால் பயமே வெல்லும்.

மூச்சுப் பயிற்சி. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, வாயைக் குவித்து ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. நலமாக இருக்கும்போதே நாள்தோறும் இருமுறை பழகினால்தான் பதறும்போது கைகொடுக்கும்.

செய்திக்கு நேரம் ஒதுக்குதல். புலனக் குழுக்களில் வரும் "புதிய கிருமி, உடனே பகிரவும்" செய்திகள் பயத்துக்குத் தீனி. சுகாதார அமைச்சின் அறிவிப்பை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

கைமருந்தில் நிதானம். கபசுரக் குடிநீர், நிலவேம்பு, ஆவி பிடித்தல் ஆகியவை பல வீடுகளில் வழக்கமாகிவிட்டன. ஆனால் இவை தொற்றைத் தடுக்கும் கவசம் அல்ல. நாள்தோறும் அளவின்றிக் குடிப்பது நல்லதல்ல. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து சுட்டுக்கொள்ளும் விபத்துகளும் உண்டு.

வீட்டார் செய்ய வேண்டியது

"ஒண்ணுமில்ல, விடுங்க" என்ற சொல் ஆறுதல் போலத் தோன்றும். கேட்பவருக்கோ, தம் அனுபவத்தை ஒன்றுமில்லை என்று சொன்னது போலாகும். "அந்த நாள்களில் என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டு, குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய உதவி. தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன நடந்தது என்று அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எந்த நாளில் சேர்த்தார்கள், எத்தனை நாள் மயக்கத்தில் இருந்தார், மருத்துவர் தொலைபேசியில் என்ன சொன்னார், வீட்டார் என்ன செய்தார்கள் என்று நாள்வாரியாகச் சொன்னால் துண்டுதுண்டான நினைவுகள் ஒழுங்குபடும்.

அதேபோல், அவர் கேட்கும்போதெல்லாம் "ஆக்சிஜன் சரியாத்தான் இருக்கு" என்று நூறு முறை உறுதி சொல்வதும் பயத்தை வளர்க்கும். ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டு, "வாங்க, வாசல்ல கொஞ்ச நேரம் நடக்கலாம்" என்று அழைப்பது மேல். வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் வந்தால் சொல்லாமல் கண்டபடி நெருங்குவது கூடாது. சொல்லிவிட்டு, முகக் கவசம் அணிந்து, தள்ளிப் படுத்துக்கொண்டால் அவருக்கு வீட்டார்மீது நம்பிக்கை நிற்கும்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. நோய்க் காலத்தில் சில வீடுகளை ஊரே ஒதுக்கியது. மீண்டவர்கள் அதை மறக்கவில்லை. மறுதொற்று அச்சத்தில் பாதி, கிருமிக்கான அச்சமாக இல்லாமல், மறுபடி ஒதுக்கப்படுவோம் என்ற அச்சமாகவும் இருக்கலாம். ஒரு தட்டு பலகாரத்தோடு வாசல்வரை போய் நலம் விசாரிப்பது அந்தப் பாதியைக் குறைக்கும்.

சாமி கயிறு கட்டுவது, அர்ச்சனை செய்வது பலருக்கு மனபலம் தருகிறது, அதில் தடையில்லை. ஆனால் தூக்கமின்றித் தவிப்பவரை அதோடு நிறுத்தாமல் கிளினிக்குக்கும் அழைத்துச் செல்ல வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

முதல் படி அருகிலுள்ள அரசாங்க கிளினிக். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். சர்க்கரைத் தவணைக்குப் போகும்போதே, "கோவிட் வந்ததிலிருந்து தூக்கமில்லை, பயமாக இருக்கிறது" என்று மருத்துவரிடமோ மருத்துவ உதவியாளரிடமோ சொல்லலாம். அங்கே கேள்வித்தாள் மூலம் மனநலத்தைச் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்டக் கிளினிக் டிரெசரிடம் பேசித் தொடங்கலாம்.

பதற்றக் கோளாறுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். இம்மாத்திரைகளில் பல, வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். தானாக நிறுத்தக் கூடாது. மனநல மருத்துவரைப் பார்ப்பதால் வேலையோ, பிள்ளையின் கல்யாணமோ கெட்டுவிடும் என்ற தயக்கம் வேண்டாம். நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை.

மூச்சு வாங்குதல், களைப்பு, மறதி ஆகியவை மூன்று மாதத்துக்குப் பிறகும் நீடித்தால் அதையும் சொல்ல வேண்டும். நோய் தொடங்கி மூன்று மாதம் கழிந்தும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு காரணம் கூற முடியாத அறிகுறிகளை நீண்டகால கோவிட் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. அதற்கான மறுவாழ்வுப் பயிற்சியால் உடல் தேறும்போது, மனமும் தேறுவதைக் காணலாம்.

தொலைபேசியில் பேச விரும்புவோர் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் சேவை 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் கிடைக்கிறது. தமிழில் பேச யாரேனும் உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிப் பேசினால் போலீஸ் பிடிக்கும் என்று சிலர் இன்னும் அஞ்சுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அது தண்டனைக்குரியதல்ல, சிகிச்சைக்குரியது.

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19க்கான அனைத்துலக அவசரநிலையை 2023 மே 5ஆம் தேதி முடிவுக்குக் கொண்டுவந்தது. கிருமி போய்விடவில்லை; அதனோடு வாழும் முறை மாறியிருக்கிறது. கடுமையாக நோயுற்று மீண்டவர்களுக்கு அந்த மாற்றம் ஓர் அறிவிப்போடு வந்துவிடாது. ஒரு நடை, ஒரு கடை, ஒரு கோயில் என்று மெல்லத்தான் வரும். பக்கத்தில் அவசரப்படுத்தாமல் நடந்துவர ஓர் ஆள் இருந்தால் இன்னும் எளிதாக வரும்.